வெற்றுக் கிரீமும் பருவைக் குறைக்கும்: முகப்பரு மருந்துகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

முகப்பரு கிரீம் விளம்பரம் என்றால் இரண்டு படங்கள் இல்லாமல் இராது. இடப்பக்கம் சிவந்து வீங்கிய கன்னம். வலப்பக்கம் அதே கன்னம், சில வாரங்களுக்குப் பிறகு, மாசுமருவற்று. படங்களில் பொய் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்: ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஒரே கோணம், ஒப்பனை இல்லை, கணினித் திருத்தம் இல்லை. அப்போதும் அந்தப் படங்களை வைத்துக் கிரீம் வேலை செய்ததா என்று சொல்ல முடியாது. அந்த முகம் தேறியது என்பது மட்டுமே உறுதி. எதனால் தேறியது என்பது வேறு கேள்வி. மருத்துவச் சோதனை என்ற பெரிய ஏற்பாடு முழுவதும் அந்த இரண்டாவது கேள்விக்காகவே நடக்கிறது.

மருந்துச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முகப்பருவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பரு கண்ணுக்குத் தெரிகிறது, விரல்விட்டு எண்ணலாம், ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்வில் ஒருமுறையாவது அதனுடன் பழக்கம் ஏற்பட்டிருக்கும். இவ்வளவு வெளிப்படையான ஒன்றைச் சோதிப்பதிலேயே இத்தனை பொறிகள் இருக்கின்றன என்றால், ரத்தத்துக்குள்ளும் மூளைக்குள்ளும் நடப்பவற்றைச் சோதிப்பவர்களின் பாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

பரு வந்த கதை

தோலில் மயிர்க்காலும் அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியும் ஒரே நுண்துளை வழியாக வெளியே திறக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரஜன் ஹார்மோன்கள் கூடும்போது அந்தச் சுரப்பி முன்பைவிட அதிகமாக எண்ணெய் சுரக்கிறது. துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அது அந்நியன் அல்ல; பருவே இல்லாதவர்களின் தோலிலும் குடியிருப்பதுதான். இவற்றோடு உடலின் அழற்சியும் சேரும்போது சிவப்பு, வலி, சீழ் எல்லாம் வந்துவிடுகின்றன.

ஆகவே பரு கிரீம் என்பது இந்த நான்கில் ஒன்றையோ பலவற்றையோ தடுக்க முயலும் பொருள். அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகள் முதன்மையாக அடைப்பைத் தடுக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. ஹார்மோன் சொல்லும் சேதி சுரப்பியை எட்டாமல் மறிக்கும் கிரீமும் இப்போது உண்டு. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சோதனை செய்பவர்கள் பருக்களை இரண்டு பெரிய வகைகளாகப் பிரிக்கிறார்கள். அழற்சியற்றவை என்றால் பிளாக்ஹெட்ஸ், ஒயிட்ஹெட்ஸ். அழற்சியுள்ளவை என்றால் சிவந்த பருக்கள், சீழ்ப்பருக்கள், ஆழமான கட்டிகள். (பிளாக்ஹெட்ஸ் கறுப்பாகத் தெரிவதற்கு அழுக்கு காரணமில்லை, காற்றுப்பட்ட மெலனின் என்ற தோல் நிறமிதான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது வெளுக்காது, தோல்தான் புண்ணாகும்.) இந்தப் பிரிவினை முக்கியம். ஒரு கிரீம் சிவந்த பருக்களை அடக்கிவிட்டு அடைப்புகளை அப்படியே விட்டுவிடலாம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த உண்மை மறைந்துவிடும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று கண்ணாடியில் தெரியும் பரு இன்று பிறந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடைப்பாக அது பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் தொடங்கிவிட்டது. பெரும்பாலான கிரீம்கள் வந்துவிட்ட பருவைக் கரைப்பதைவிட, வரவிருக்கும் பருவைத் தடுப்பதில்தான் திறமைசாலிகள். ஏற்கெனவே வரிசையில் நிற்பவை வெளிப்பட்டுத் தீரும்வரை எந்தக் கிரீமுக்கும் நல்ல பெயர் கிடைக்காது. முகப்பரு சோதனைகள் வழக்கமாக 12 வாரங்கள் நடப்பதற்கு இதுவே காரணம். இரண்டாவது வாரத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் கிரீமைச் சோதிக்கவில்லை, தங்கள் பொறுமையைத்தான் சோதிக்கிறார்கள்.

கிரீம் இல்லாமலே தேறுவது எப்படி

பரு ஒரே நிலையில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கூடும். காரணமே தெரியாமல் ஒரு மாதம் மோசமாகி அடுத்த மாதம் அடங்கும். இனி ஒன்றை யோசித்துப் பாருங்கள்: மனிதர்கள் எப்போது புதுக் கிரீமைத் தேடுகிறார்கள்? மிக மோசமாக இருக்கும்போதுதான். ஏற்ற இறக்கமுள்ள எதையும் அதன் உச்சத்தில் பிடித்து அளந்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், இரண்டாவது அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இடையில் எதைப் பூசினாலும் சரி, பூசாவிட்டாலும் சரி. புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கிய பின்னடைவு என்கிறார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டபோது இதை எடுத்துக்காட்டினார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தால் பெற்றோரைவிடக் கொஞ்சம் உயரம் குறைந்தவர்களாக இருந்தார்கள். உயரத்துக்கும் பருவுக்கும் தொடர்பில்லை. கணக்கு மட்டும் ஒன்றுதான்.

சோதனையில் சேர்ந்தவர் நடந்துகொள்ளும் விதமும் மாறிவிடுகிறது. மருத்துவர் மாதந்தோறும் முகத்தை உற்றுப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தவர் முகத்தை ஒழுங்காகக் கழுவுகிறார், பருவைக் கிள்ளுவதை நிறுத்துகிறார், அதுவரை அப்பிக்கொண்டிருந்த நாலு விதமான பொருள்களை விட்டுவிடுகிறார். இவற்றாலேயே தோல் கொஞ்சம் தேறலாம்.

மருத்துவர் தரப்பிலும் ஒரு நுணுக்கமான சாய்வு உண்டு. சோதனையில் சேர ஒருவருக்குக் குறைந்தது 30 சிவந்த பருக்கள் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள் என்போம். வந்தவருக்கு 28 இருக்கின்றன. ஆள் கிடைப்பதே கடினம். அந்த மங்கலான இரண்டு புள்ளிகளையும் பரு என்று எண்ணிவிட்டால் என்ன? யாரும் பொய் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடமான இடத்தில் கை சற்றுத் தாராளமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த மாதம் எண்ணும்போது அந்தத் தாராளத்துக்கு அவசியமில்லை. எண்ணிக்கை 28 ஆகிறது. கிரீம் ட்யூபைத் திறக்காமலே இரண்டு பருக்கள் மறைந்துவிட்டன.

இத்தனையும் சேர்ந்து தரும் முன்னேற்றத்தை எப்படிக் கழித்துவிட்டு மருந்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது? தனித்தனியாக ஒவ்வொன்றையும் அளந்து கழிப்பது நடக்காத காரியம். அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மருத்துவத்தின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்வேன். இவை எல்லாம் சமமாகப் படியும் இன்னொரு குழுவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் அது.

வெற்றுக் கிரீம்

மாத்திரைச் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுப்பார்கள். கிரீம் சோதனையில் அதற்கு இணையானது மருந்து நீக்கிய அதே கிரீம். அதே நிறம், அதே மணம், அதே வழவழப்பு, அதே ட்யூப்; செயல்படும் மூலப்பொருள் மட்டும் கிடையாது. துறையில் இதை வெஹிகிள் என்பார்கள்; நாம் வெற்றுக் கிரீம் என்றே அழைப்போம்.

ஆனால் மாவுப்பொருள் அடைத்த போலி மாத்திரையைப் போல இது சும்மா இருக்கும் பொருள் அல்ல. கிரீமின் அடிப்பொருளே தோலில் வேலை செய்கிறது. ஈரப்பதத்தைத் தக்கவைக்கிறது, வறண்ட மேல்தோலை மென்மையாக்குகிறது. சில அடிப்பொருள்கள் எரிச்சலூட்டவும் செய்யும். எனவே ‘கிரீம் பூசியவர்கள், எதுவும் பூசாதவர்கள்’ என்று ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாட்டில் மருந்தின் பங்கு எவ்வளவு, அடிப்பொருளின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. அந்தச் சோதனையில் மருந்து வென்றது என்று அறிவித்தாலும் உண்மையில் வென்றது ஈரப்பதமூட்டியாக இருக்கலாம்.

முகப்பரு ஆய்வுகளில் வெற்றுக் கிரீம் குழுவின் முன்னேற்றம் சிறியதாக இருப்பதில்லை. பருக்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்தக் குழுவில் குறைவது இத்துறையில் சாதாரணம். முதல்முறை கேள்விப்படும்போது நம்பக் கடினமாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கு குறைந்த முகத்தைப் படமெடுத்தால் அருமையான விளம்பரப் படம் கிடைத்துவிடும், உள்ளே மருந்தே இல்லாமல்!

யாருக்கு எது: குலுக்கலும் மறைப்பும்

இரண்டு ட்யூப்களும் தயார். யாருக்கு எதைக் கொடுப்பது? மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால், மோசமான முகங்களைப் பார்த்து இரக்கப்பட்டு மருந்துள்ள ட்யூபை அவர்களிடம் நீட்டிவிடுவார். பங்கேற்பவரின் விருப்பத்துக்கு விட்டால், ஆர்வம் மிகுந்தவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அதனால் கணினி போடும் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறார்கள். ஆள்கள் போதுமான அளவு இருந்தால் வயது, பால், எண்ணெய்ப்பசை, பரம்பரை, இன்னும் நாம் அறியாத காரணங்கள் எல்லாமே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். நாம் அறியாத காரணங்களையும் சமப்படுத்துகிறது என்பதுதான் குலுக்கலின் தனிச்சிறப்பு. வேறு எந்த முறைக்கும் அந்தத் திறன் இல்லை.

பிறகு மறைப்பு. தன் கையில் இருப்பது எந்த ட்யூப் என்று பங்கேற்பவருக்கும் தெரியக்கூடாது, பருக்களை எண்ணும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. சொல்வது எளிது. ரெட்டினாய்டு பூசியவரின் தோல் சில வாரங்களிலேயே சிவந்து உரியத் தொடங்கும். பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். மருந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதற்கு முழுமையான தீர்வு கிடையாது. ட்யூபைக் கொடுத்துப் பக்கவிளைவுகளை விசாரிப்பவர் ஒருவர், பருக்களை எண்ணுபவர் வேறொருவர் என்று பிரித்து வைப்பது ஓரளவு உதவும். எரிச்சலூட்டும் கிரீம்களின் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது இந்த ஓட்டை முழுதாக அடைபடவில்லை என்ற நினைப்போடு படிப்பது நல்லது.

ஒருவரின் முகத்தையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மருந்தும் மறுபாதியில் வெற்றுக் கிரீமும் பூசச் சொல்லும் முறையும் உண்டு. எந்தப் பாதிக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஒரே மரபணு, ஒரே ஹார்மோன், ஒரே உணவு, ஒரே தூக்கம். இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு ஏது? அதனால் குறைந்த ஆள்களை வைத்தே நடத்திவிடலாம். தொடக்கநிலை ஆய்வுகளுக்கு இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இரவில் தலையணையில் முகம் புரளும்போது கிரீம் எல்லை தாண்டும். விரலில் ஒட்டியது மறுபக்கம் போகும். தோல் வழியாக ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் வேலை செய்யக்கூடிய மருந்து என்றால் இந்த முறை அறவே உதவாது. இரண்டு கன்னங்களையும் அருகருகே கண்ணாடியில் பார்ப்பவருக்கு எது மருந்து என்று ஊகிப்பதும் எளிது.

எண்ணுவது என்னும் தலைவலி

பருக்களை எண்ண வேண்டியதுதானே என்று தோன்றும். உண்மையில் சோதனையின் மிகத் தள்ளாட்டமான பகுதி இதுதான். ஆறிக்கொண்டிருக்கும் பரு பருவா, தழும்பா? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சீழ்முனைகள் ஒன்றா, இரண்டா? பரு போன பிறகு மாதக்கணக்கில் தங்கும் கறையை எண்ணுவதா? (எண்ணக்கூடாது, ஆனால் கறுத்த தோலில் அந்தக் கறைதான் பலருக்குப் பருவைவிடப் பெரிய மனக்குறை.) மூக்கைச் சேர்ப்பதா, விடுவதா? சில ஆய்வுகள் மூக்கை விட்டுவிடுகின்றன. இரண்டு மருத்துவர்கள் ஒரே முகத்தை எண்ணினால் ஒரே எண் வருவது அதிர்ஷ்டம். அதனால் ஒருவரின் முகத்தைத் தொடக்கத்தில் எண்ணிய மருத்துவரே கடைசிவரை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை முழுக் கதையையும் சொல்வதில்லை என்பதால் ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. பழைய ஆய்வுகளில் ஆளாளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். பரு எவ்வளவு கடுமையானது என்பதை அளக்க 25க்கும் மேற்பட்ட முறைகள் புழக்கத்தில் இருந்ததை 2002இல் வெளியான ஒரு மதிப்பாய்வு எடுத்துக்காட்டியது. இப்படி இருந்தால் ஒரு கிரீமின் வெற்றியை இன்னொன்றின் வெற்றியோடு எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு வரம்பு கட்டியது. அதன்படி தோற்றத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண்: 0 என்றால் முற்றிலும் தெளிவு, 1 என்றால் ஏறக்குறையத் தெளிவு, 2 இலேசு, 3 மிதம், 4 கடுமை. ஒருவர் வெற்றி பெற்றவராகக் கணக்கில் வர வேண்டுமானால் 12ஆவது வாரத்தில் 0 அல்லது 1க்கு வந்திருக்க வேண்டும். அதோடு தொடக்கத்திலிருந்து குறைந்தது இரண்டு படியாவது இறங்கியிருக்க வேண்டும். 4இலிருந்து 2க்கு வந்தவர் நிச்சயம் மகிழ்ச்சியாக இருப்பார். இந்தக் கணக்கில் அவர் வெற்றி அல்ல. கடுமையான விதிதான். ஆனால் இலேசாகத் தேறியவர்களை எல்லாம் வெற்றி என்று எண்ணத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது.

இந்த மதிப்பெண், அழற்சியுள்ள பருக்களின் குறைவு, அழற்சியற்ற பருக்களின் குறைவு ஆகிய மூன்றிலும் மருந்துக் குழு வெற்றுக் கிரீம் குழுவை முந்த வேண்டும். மூன்றில் எது ஒன்றில் வென்றாலும் போதும் என்று விட்டால், தற்செயலாக ஏதாவது ஒன்றில் வெல்ல மூன்று வாய்ப்புகள் கொடுத்ததாகிவிடும். எதை அளக்கப் போகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முடிவுகள் கைக்கு வந்தபின் இலக்கை வரைவதற்கு யாருக்கும் திறமை வேண்டியதில்லை.

ஓர் உண்மையான சோதனையின் எண்கள்

க்ளாஸ்கோட்டெரோன் என்ற 1% கிரீமை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரஜன் ஹார்மோன் தோலில் வந்து ஒட்டும் ஏற்பியை மறிப்பது இதன் வேலை. பூசும் மருந்தாக அந்த வகையில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். அனுமதி கிடைத்தது 2020 ஆகஸ்டில். அதற்கு முன் ஒரே வடிவமைப்பில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. இரண்டிலும் சேர்த்து 1,440 பேர், 9 வயதும் அதற்கு மேலும், மிதமான அல்லது கடுமையான முகப்பரு உள்ளவர்கள். நாளுக்கு இரண்டு முறை, 12 வாரங்கள்.

முதல் சோதனையில் மருந்துக் குழுவில் வெற்றி பெற்றவர்கள் 18.4%, வெற்றுக் கிரீம் குழுவில் 9.0%. இரண்டாவது சோதனையில் 20.3%, 6.5%.

முதலில் கண்ணை உறுத்துவது, மருந்து பூசியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் முகம் தெளிவாகியிருக்கிறது என்பது. மேலே சொன்ன கடுமையான விதிதான் இதற்குப் பெரும்பங்கு காரணம். மீதிப் பேருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருளல்ல. அடுத்து, வேறுபாட்டைப் பாருங்கள். முதல் சோதனையில் 9.4 சதவீதப் புள்ளிகள், இரண்டாவதில் 13.8. இதைப் புரட்டிப் போட்டால் பயனுள்ள ஓர் எண் கிடைக்கிறது: 100ஐ 9.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11, 13.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7. அதாவது ஏழு முதல் பதினொரு பேர் இந்தக் கிரீமைப் பூசினால், வெற்றுக் கிரீமால் தெளிவாகியிருக்க மாட்டார் என்ற நிலையில் இருந்த ஒருவர் கூடுதலாகத் தெளிவடைகிறார். ‘இருமடங்கு பலன்’ என்றும் இதே முடிவை விளம்பரப்படுத்தலாம், 18.4 என்பது 9.0இன் இருமடங்குதானே. இரண்டும் உண்மை. எது உங்களுக்கு உதவும் என்பது வேறு.

எண்ணிக்கைகள் இன்னும் சுவையானவை. முதல் சோதனையில் அழற்சியுள்ள பருக்கள் மருந்துக் குழுவில் சராசரியாக 19.3 குறைந்தன. வெற்றுக் கிரீம் குழுவில் 15.5 குறைந்தன. மருந்தின் தனிப்பங்கு நாலு பருக்களுக்கும் சற்றுக் குறைவு! வெற்றுக் கிரீம் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால், 19 பருக்களையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். அழற்சியற்றவற்றில் இடைவெளி கொஞ்சம் பெரிது: 19.4, 13.0.

இந்த வேறுபாடுகள் தற்செயலாக வந்திருக்கலாமோ என்ற கேள்விக்குப் புள்ளியியல் பதில் சொல்கிறது. வெற்றி விகிதத்தில் இரண்டு சோதனைகளிலும் பி மதிப்பு 0.001க்கும் குறைவு. மருந்துக்கும் வெற்றுக் கிரீமுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளி வெறும் குலுக்கலின் விளையாட்டாக வந்துவிட ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்பது அதன் பொருள். வேறுபாடு மெய்யானது என்பதற்கு அது சான்று. வேறுபாடு பெரியது என்பதற்குச் சான்று அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வது செய்தித்தாள்களின் நெடுநாள் பழக்கம்.

பத்துப் புள்ளி அளவு வேறுபாட்டைக் காண ஏன் நூற்றுக்கணக்கில் ஆள்கள் வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். குழுவுக்கு இருபது பேர் என்றால், வெற்றி பெறுபவர்கள் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் இரண்டு என்று வரலாம். அந்த இருவர் வேறுபாடு எந்தக் காரணமும் இல்லாமலே அடிக்கடி வரும்.

தீங்கு செய்யாதா?

பலனைவிடப் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சிவப்பு, உரிதல், எரிச்சல், அரிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் குறித்துக்கொள்கிறார்கள். செறிவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற பொதுநம்பிக்கையும் இங்கே அடிவாங்குகிறது: 2.5%, 5%, 10% பென்சாயில் பெராக்சைடை ஒப்பிட்டு 1986இல் வெளியான ஆய்வில் சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5% மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. எரிச்சல் 10% அளவைவிடக் குறைவாக இருந்தது. வலுவானதை வாங்கினால் வலுவான எரிச்சல்தான் உறுதி.

வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பூசச் செய்து, ரத்தத்தில் எவ்வளவு கலக்கிறது என்று பார்க்கும் தனிச் சோதனையும் உண்டு. க்ளாஸ்கோட்டெரோனை அப்படிப் பூசியபோது, பெரியவர்கள் 20 பேரில் ஒருவருக்கும், வளரிளம் பருவத்தினர் 22 பேரில் இருவருக்கும் அட்ரினல் சுரப்பியின் செயல்பாடு தாழ்ந்தது. நிறுத்தி நான்கு வாரங்களில் மூவருக்கும் சீராகிவிட்டது. முகத்தில் பூசுவதுதானே, உடலுக்குள்ளா போகப்போகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலங்குகளில் சோதித்துவிட்டு நேராக முடிவுக்கு வர முடியாது. மனிதருக்கு வருவதைப் போன்ற பரு ஆய்வுக்கூட விலங்குகளுக்குத் தானாக வருவதில்லை. ஒரு பொருள் துளைகளை அடைக்குமா என்று முயலின் காதில் நெடுங்காலம் பார்த்தார்கள். முயல் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைபடும் என்பதால் அந்த முடிவுகள் மனிதருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

ஆகவே மனிதர்கள் வேண்டும், அதுவும் விரும்பி வருபவர்கள். இந்தத் துறையின் வரலாற்றில் அந்த விருப்பம் எப்போதும் மதிக்கப்படவில்லை. ட்ரெட்டினாயினை முகப்பருவுக்குக் கொண்டுவந்த தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை கைதிகள்மீது தோல் சோதனைகளை நடத்தினார். பணத்தேவையில் இருந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளுக்குத் தங்கள் தோலில் என்ன பூசப்படுகிறது என்பது பல நேரங்களில் சொல்லப்படவில்லை. மனிதரின் சம்மதமின்றிச் சோதனை கூடாது என்று நியூரம்பெர்க் நெறிமுறை 1947லேயே எழுதிவைத்திருந்தது. க்ளிக்மன் பணியாற்றிய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இல் அந்தச் சிறைச் சோதனைகளுக்காக மன்னிப்புக் கேட்டது. ட்ரெட்டினாயின் நல்ல மருந்து. இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. அதை அடைந்த வழியை அந்த நன்மை கழுவிவிடாது.

இன்று சோதனையில் சேருபவரிடம் என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வெற்றுக் கிரீம் கிடைக்கவும் வாய்ப்புண்டு என்பதையெல்லாம் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் தேவை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகியவர்களையும் கடைசிக் கணக்கில் விடாமல் சேர்க்கிறார்கள் என்பது முக்கியம். எரிச்சல் தாங்காமல் போனவர்களை நீக்கிவிட்டு மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கிரீமும் ஜொலிக்கும்.

உங்கள் முகத்தில் நீங்களே பார்ப்பதென்றால்

வீட்டில் குலுக்கலும் கிடையாது, வெற்றுக் கிரீமும் கிடையாது. ஆகவே ஒரு கிரீம் உங்களுக்கு வேலை செய்ததா என்பதை முழு உறுதியுடன் உங்களால் அறிய முடியாது. சோதனையில் ஏற்கெனவே வென்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருளைத் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எதற்கு நன்றி சொல்வது, எதைக் குறை சொல்வது என்றே தெரியாது. ரெட்டினாய்டு என்றால் முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை. தடுக்க வேண்டிய பருக்கள் இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன. கர்ப்பக் காலத்தில் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்கச் சொல்வதே மருத்துவர்களின் வழக்கம்.

மாதத்துக்கு ஒருமுறை அதே சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். மாதவிடாய்ச் சுழற்சி உள்ளவர்கள் சுழற்சியின் அதே கட்டத்தில் எடுத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். முதல் சில வாரங்களின் இலேசான சிவப்பையும் உரிதலையும் பொறுத்துக்கொள்ளலாம். வீக்கமோ கொப்புளமோ வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். 12 வாரங்கள் ஒழுங்காகப் பூசியும் மாற்றமில்லை என்றால் அந்த ட்யூபுக்கு விடைகொடுத்துவிடலாம். ஆழமான, வலிக்கும் கட்டிகளும் பள்ளமாகும் தழும்புகளும் உள்ளவர்கள் இந்தப் பன்னிரண்டு வாரக் காத்திருப்பில் இறங்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போவதே சரி. பரு பிறகு அடங்கிவிடும், பள்ளம் அடங்காது.